வெண்கலத்தில் ஒரு விமானி: நினைவுப் பதக்கம் சேர்ப்போர் அறிய வேண்டியவை

1927ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஸ்டேட் நேஷனல் வங்கி 15,000 டாலர் கடன் ஒன்றை வழங்கியது. அந்நகரத்து வணிகர் சிலர் முன்னின்று பெற்றுத் தந்த கடன் அது. அஞ்சல் விமானம் ஓட்டிவந்த 25 வயது இளைஞர் ஒருவர் தம் ஊதியத்திலிருந்து சேமித்த 2,000 டாலரும், அவர் பணியாற்றிய நிறுவனம் அளித்த 1,000 டாலரும் அதனுடன் சேர்ந்தன. இந்த 18,000 டாலர் முதலைக் கொண்டு சான்டியேகோ நகரில் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று கட்டப்பட்டது. அதன் விலை 10,580 டாலர். கடன் கொடுத்த ஊரின் பெயரையே தாங்கி, ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ என்று அது அழைக்கப்பட்டது. அந்த இளைஞர் சார்லஸ் லிண்ட்பர்க்.

நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் இடையே இடைநில்லாமல் பறப்பவருக்கு 25,000 டாலர் பரிசு என்று ரேமண்ட் ஓர்டேக் என்னும் விடுதி உரிமையாளர் 1919ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தார். அப்பரிசை நாடி 1927 மே 8ஆம் நாள் பாரிசிலிருந்து புறப்பட்ட நுங்கெஸ்ஸர், கோலி என்னும் பிரெஞ்சு விமானிகள் இருவரும் திரும்பவே இல்லை. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, மே 20 காலை 7.52 மணிக்கு, லிண்ட்பர்க் தனியொருவராக நியூயார்க்கிலிருந்து கிளம்பினார். முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் பறந்து, மறுநாள் இரவு பாரிஸ் நகரின் லெ பூர்ஷே விமானத் திடலில் இறங்கினார். தனியொருவர் இடைநில்லாமல் அட்லாண்டிக் பெருங்கடலை விமானத்தில் கடந்தது அதுவே முதல் முறை.

அந்த வெற்றியின் நினைவாக அடிக்கப்பட்ட பதக்கங்கள் பற்பல. பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளின் நாணயச் சாலைகளும், சிற்பிகளின் கழகங்களும், தனியார் நிறுவனங்களும் அவற்றை வெளியிட்டன. உலகெங்கும் விமானவியல் ஆர்வலர்கள் இன்றும் அவற்றைத் தேடிச் சேர்க்கின்றனர். 2027 மே மாதம் அப்பயணத்தின் நூற்றாண்டு நிறைவு. நூற்றாண்டு விழாக்கள் வரும்போது, ‘குறைந்த எண்ணிக்கையில் மட்டும்’, ‘ஆண்டுதோறும் மதிப்பு உயரும்’ என்னும் விளம்பரங்களும் உடன் வருவது வழக்கம். வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்து இத்தகைய பொருள்களை வாங்கலாமா என்று எண்ணும் வாடிக்கையாளர் உண்டு. தந்தையார் விட்டுச்சென்ற பதக்கப் பெட்டியை என்ன செய்வதென்று அறியாமல் திகைக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே, லிண்ட்பர்க் பதக்கங்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு நினைவுப் பதக்கத்தின் மதிப்பு எதில் அடங்கியுள்ளது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாணயம் வேறு, விருது வேறு, நினைவுப் பதக்கம் வேறு

முதலில் இம்மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். நாணயம் என்பது அரசு தன் அதிகாரத்தால் வெளியிடுவது. அதன் முகத்தில் மதிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். சேகரிப்போருக்காக வெளியிடப்படும் நினைவு நாணயத்துக்கும் முகமதிப்பு உண்டு. நினைவுப் பதக்கத்தில் முகமதிப்பு ஏதும் இல்லை. அதைக் கொண்டு எந்தக் கடனையும் தீர்க்க இயலாது. எந்த அரசும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டதன்று.

விருதுப் பதக்கம் ஒருவரின் செயலைப் போற்றி அவருக்கே அணிவிக்கப்படுவது. லிண்ட்பர்க்குக்கு அமெரிக்க அரசு வழங்கிய சிறப்புப் பறப்புச் சிலுவையும், ‘மெடல் ஆஃப் ஆனர்’ என்னும் உயரிய படைத்துறை விருதும் இவ்வகையின. அமெரிக்கச் சட்டப்படி ‘மெடல் ஆஃப் ஆனர்’ விருதை விற்பதும் வாங்குவதும் குற்றம். எனவே, ‘அவர் பெற்ற விருது’ என்று கூறி எவரேனும் விற்க முன்வந்தால், அங்கேயே நாம் விழிப்படைதல் வேண்டும். நினைவுப் பதக்கமோ பொதுமக்கள் வாங்கி வைத்துக்கொள்வதற்கென்றே அடிக்கப்படுவது. சேகரிப்போரின் களம் இதுவே.

ஒரே முகம், பல பதக்கங்கள்

லிண்ட்பர்க்கின் உருவம் தாங்கிய பதக்கங்களுள் சேகரிப்போர் பெரிதும் நாடுபவை மூன்று. முதலாவது, 1927ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுச் சிற்பி ஜார்ஜ் ப்ருதோம் வடித்தது. இரண்டாவது, சிற்பி ஃபிரெடரிக் மக்மொனிஸ் வடித்து, 1931ஆம் ஆண்டில் அமெரிக்கப் பதக்கச் சிற்பிகள் கழகம் வெளியிட்டது. 1930இல் தொடங்கிய இக்கழகம், ஆண்டுக்கு இரண்டு பதக்கங்களைத் தன் சந்தாதாரர்களுக்கு அனுப்பிவந்தது. நூலகத்துக்குப் புத்தகம் வருவதுபோல் வீட்டுக்குக் கலைப்பொருள் வரவேண்டும் என்பது அதன் நோக்கம்.

மூன்றாவது, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம். 1928 மே மாதம் நிறைவேறிய சட்டத்தின்படி லாரா கார்டின் ஃபிரேசர் என்னும் பெண் சிற்பி அதை வடித்தார். விமானியின் தலைக்கவசம் அணிந்த லிண்ட்பர்க் முகப்பில் காணப்படுகிறார். பின்பக்கத்தில் தனித்துப் பறக்கும் கழுகு. 1930 ஆகஸ்டு மாதத்தில் குடியரசுத் தலைவர் ஹூவர் அதை லிண்ட்பர்க்குக்கு வழங்கினார். தங்கத்தில் அடிக்கப்பட்டது அந்த ஒன்றே. அதன் வெண்கலப் பிரதிகளை அந்நாட்டு நாணயச் சாலை பொதுமக்களுக்கு விற்றது. ஆகவே ‘நாடாளுமன்றப் பதக்கம்’ என்று சந்தைக்கு வருபவை யாவும் வெண்கலப் பிரதிகளே. அவற்றைப் போலி என்று கூறுவதற்கில்லை. அதே சாலையில் முறைப்படி அடிக்கப்பட்டவையே அவை. எனினும் தேவைக்கேற்ப மீண்டும் மீண்டும் அடிக்கப்படக்கூடிய பொருளை அரிய பொருள் என்று எண்ணிப் பெரும்பணம் கொடுத்தல் தகாது.

இவற்றைத் தவிர, 1927இல் மக்களின் ஆரவாரத்துக்கிடையே மலிவாக விற்கப்பட்ட சிறு பித்தளை வில்லைகள் உண்டு. 1977இல் பொன்விழாவை ஒட்டி வெளிவந்த வெள்ளி, வெண்கலப் பதக்கங்களும் உண்டு. வில்லைகள் ஏராளமாக அடிக்கப்பட்டவை. ஆயினும் மக்கள் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தமையால் தேயாத பிரதி கிடைப்பது அரிது. பொன்விழாப் பதக்கங்களோ பெட்டியைவிட்டு வெளியே வராமலே இருந்தவை. புதுக்கருக்கு மாறாத பிரதிகள் எளிதிற் கிடைக்கின்றன. பழமையும் அருமையும் ஒன்றல்ல என்பதற்கு இவ்விரண்டும் நல்ல சான்று.

பதக்கத்தைப் படிக்கும் முறை

நகைக்கடனுக்கு வரும் நகையை மதிப்பீட்டாளர் எவ்வாறு நோக்குகிறாரோ, அவ்வாறே பதக்கத்தையும் நோக்கப் பழகுதல் வேண்டும். ஒரு பூதக்கண்ணாடி, மில்லிமீட்டர் காட்டும் அளவி, சிறு நகைத் தராசு ஆகிய மூன்றும் போதும்.

முதலில் விட்டத்தையும் எடையையும் குறித்துக்கொள்க. அச்சில் அடிக்கப்பட்ட அசல் பதக்கங்கள் அளவில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த போலி, உலோகம் ஆறும்போது சுருங்குவதால், அசலைவிடச் சற்றே சிறுத்திருக்கும். அதன் எழுத்து விளிம்புகள் மழுங்கியிருக்கும். பூதக்கண்ணாடியில் நோக்கினால் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் தெரியும்.

அடுத்து, பதக்கத்தின் பக்கவாட்டு விளிம்பைக் காண்க. முகத்தை நோக்கி மகிழ்பவர் பலரும் விளிம்பை நோக்குவதில்லை. பதக்கத்தின் பிறப்புச் சான்று பெரும்பாலும் அங்கேதான் உள்ளது. பாரிஸ் நாணயச் சாலை 1880ஆம் ஆண்டு முதல் தன் பதக்கங்களின் விளிம்பில் வளமைக்கொம்பின் சிறு உருவத்தையும் உலோகத்தின் பெயரையும் பொறித்துவருகிறது. பழைய அச்சைக் கொண்டு பிற்காலத்தில் மீண்டும் அடித்த பதக்கங்களில், அடித்த ஆண்டும் விளிம்பில் காணப்படுவதுண்டு. அமெரிக்கப் பதக்கச் சிற்பிகள் கழகத்தின் பதக்கங்களை அடித்தது நியூயார்க்கின் மெடாலிக் ஆர்ட் நிறுவனம். அதன் பெயரை அவற்றின் விளிம்பில் தேடுதல் வேண்டும். முகப்பில் ‘1927’ என்று இருப்பது நிகழ்ச்சியின் ஆண்டு; பதக்கம் அடிக்கப்பட்ட ஆண்டு அதுவாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

மூன்றாவதாக, புடைப்பின் ஆழத்தை நோக்குக. சிற்பி முதலில் ஓரடிக்கு மேற்பட்ட விட்டத்தில் பெரிய மாதிரியை வடிக்கிறார். உருச்சுருக்கும் இயந்திரம் அதைத் தடவிப் படித்து, சிறிய எஃகு அச்சாகச் செதுக்குகிறது. ஆழ்ந்த புடைப்புடைய பதக்கம் ஒரே அடியில் உருப்பெறுவதில்லை. ஓர் அடிக்குப் பின் உலோகத்தைச் சூடேற்றி இளக்கி, மறுபடியும் அச்சிலிட்டு அடிக்கின்றனர். உழைப்பு மிகுந்த இப்பதக்கத்தில் கன்னத்தின் மேடும் தலைக்கவசத்தின் மடிப்பும் தெளிவாகத் துலங்கும். மலிவாக விரைந்து அடித்ததில் முகம் தட்டையாகவே இருக்கும்.

விலையின் மூன்று கூறுகள்

எந்தப் பதக்கத்தின் விலையையும் மூன்று கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, உலோகத்தின் விலை. இரண்டு, சேகரிப்போர் தர முன்வரும் விலை. மூன்று, விற்பவரின் விளம்பரம், அலங்காரப் பெட்டி, சான்றிதழ், இலாபம் ஆகியவற்றுக்காக நாம் தரும் விலை. முதலிரண்டும் மறுவிற்பனையின்போது திரும்பக் கிடைக்கக்கூடும். மூன்றாவது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஒரு கணக்கைக் காண்போம். ஒரு புதிய நினைவுப் பதக்கம் 40 கிராம் எடையுள்ளது, 92.5 விழுக்காடு வெள்ளி. அப்படியாயின் அதில் உள்ள தூய வெள்ளி 37 கிராம். கணக்கின் எளிமைக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று கொண்டால், உலோகத்தின் மதிப்பு 3,700 ரூபாய். பதக்கத்தின் விற்பனை விலை 9,000 ரூபாய் எனில், 5,300 ரூபாய் உலோகத்துக்கு அப்பாற்பட்டது. சேகரிப்போர் எவரும் அதைத் தேடி வராவிட்டால், கொடுத்த முதல் மட்டும் திரும்புவதற்கே வெள்ளியின் விலை கிராமுக்கு ஏறத்தாழ 243 ரூபாயாக உயர்ந்தாக வேண்டும். அதுவரை கடந்த ஆண்டுகளுக்கு வட்டி ஏதும் இல்லை.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1960, 1970களில் அமெரிக்காவில் தனியார் நிறுவனங்கள் தொடர் தொடராக வெள்ளிப் பதக்கங்களை வெளியிட்டன. பல குடும்பங்கள் அவற்றைச் சேமிப்பாகக் கருதி மாதந்தோறும் வாங்கின. பின்னர் விற்க முனைந்தபோது, பெரும்பாலானவற்றுக்கு உலோக விலையே கிடைத்தது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டபோது, ஏராளமான பதக்கங்கள் உருக்கு உலைக்குச் சென்றன. அவற்றைச் செய்ய உழைத்த சிற்பியின் கைத்திறனுக்கு அங்கே விலை இல்லை.

இதனால் பதக்கம் வாங்குவதே தவறென்று நாம் கூறவில்லை. புத்தகத்துக்கும் இசைக்கும் பயணத்துக்கும் செலவிடுகிறோம். அவற்றிலிருந்து வட்டி எதிர்பார்ப்பதில்லை. பதக்கத்துக்கும் அத்தகைய இடமே பொருந்தும். பிள்ளையின் கல்விக்கும், மருத்துவத்துக்கும், முதுமைக்கும் ஒதுக்கிய தொகை அதற்குப் போதல் கூடாது. நகையின் பேரில் அவசரத்துக்குக் கடன் பெறுவதுபோல், வெண்கலப் பதக்கத்தின் பேரில் வங்கியில் கடன் பெறவும் இயலாது.

நாயகரின் மறுபக்கம்

பதக்கம் ஒருவரின் வாழ்வில் ஒரு கணத்தையே பிடித்து நிறுத்துகிறது. 1938 அக்டோபரில் பெர்லினில் நாஜி ஜெர்மனியின் சார்பில் ஹெர்மன் கோரிங் லிண்ட்பர்க்குக்கு ஜெர்மானியக் கழுகு விருதை அளித்தார். அடுத்த மாதமே அந்நாட்டில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் வழிபாட்டு இடங்களும் சூறையாடப்பட்டன. விருதைத் திருப்பி அனுப்புமாறு பலர் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. அமெரிக்கா போரில் இறங்கலாகாது என்று பின்னர் அவர் ஆற்றிய உரைகளும், 1941இல் யூதர்களைக் குறித்து அவர் கூறியவையும் கடுங்கண்டனத்துக்கு ஆளாயின.

சேகரிப்பவர் இதையும் அறிந்திருத்தல் வேண்டும். 1927இன் பதக்கம் ஒரு துணிவைப் போற்றுகிறது. அது அம்மனிதரின் முழு வாழ்வுக்கும் அளித்த நற்சான்று ஆகாது. நம் பேரப்பிள்ளைகள் பெட்டியைத் திறந்து, ‘இவர் யார்?’ என்று கேட்கும்போது, இரு பக்கங்களையும் எடுத்துரைக்க இயலுமாயின், அந்தச் சேகரிப்பு அவர்களுக்கு நல்ல வரலாற்றுப் பாடமாக அமையும்.

பேணுதலும் பதிதலும்

வெண்கலப் பதக்கத்தின் மேல் படியும் பழுப்பு நிறப் படலம் அழுக்கன்று. சாலையிலேயே திட்டமிட்டு ஏற்றப்பட்ட நிறமும், காலம் ஏற்றிய நிறமும் அதில் கலந்துள்ளன. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துவிட்டால், அப்படலம் நீங்கிப் பதக்கத்தின் விலையும் உடன் நீங்கும். விரல்களின் ஈரமும் உப்பும் படாமல் விளிம்பைப் பிடித்தே எடுத்தல் வேண்டும். கடலோர நகரங்களில் வாழ்வோர் உலர்ந்த பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியுடன் வைப்பது நன்று. மெல்லிய பி.வி.சி. உறைகளைத் தவிர்த்தல் வேண்டும். நாளடைவில் அவை உலோகத்தில் பிசுக்கையும் பச்சைக் கறையையும் படியச் செய்யும். வெளிர் பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகத் தோன்றினால், அப்பதக்கத்தை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைக்க.

பேணுதலினும் இன்றியமையாதது பதிதல். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. சிற்பியின் பெயர், அடித்த சாலை, விட்டம், எடை, உலோகம், விளிம்புக் குறி, வாங்கிய நாள், விற்றவர், கொடுத்த விலை ஆகியவற்றை எழுதுக. இரு பக்கங்களையும் விளிம்பையும் படமெடுத்து ஒட்டுக. விலைச்சீட்டை உடன் இணைக்க. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் வங்கி வழியாகவே பணம் செலுத்தி, சுங்க வரி கட்டிய சான்றையும் பேணுக. பிற்காலத்தில் விற்க நேரும்போது வருமான வரிக் கணக்குக்கு இவை தேவைப்படலாம். கலைப்பொருள் விற்பனையில் வரும் ஆதாயம் வரிக்கு உட்பட்டது. உரிய கணக்கரைக் கலந்து கொள்ளுதல் நலம்.

பெட்டகத்தில் வைப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பெட்டகத்துள் இருப்பது இன்னதென்று வங்கி அறியாது. அதற்குக் காப்பீடும் செய்வதில்லை. தீ, திருட்டு, ஊழியர் மோசடி முதலியவற்றால் இழப்பு நேர்ந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்குக்கு உட்பட்டது. வாடகை 3,000 ரூபாய் எனில் அவ்வரம்பு 3 இலட்சம் ரூபாய். அதற்கு மேற்பட்ட மதிப்புடையோர் தனியே காப்பீடு செய்துகொள்ளுதல் வேண்டும். பெட்டகத்துக்கு நியமனதாரரைப் பதிவு செய்துவிடுக. குறிப்பேட்டின் நகல் ஒன்று வீட்டாரிடம் இருக்கட்டும். நியமனதாரர் பெட்டகத்தைத் திறந்து பொருளைப் பெறலாம்; அது இன்னது, இன்ன மதிப்புடையது என்பதைக் குறிப்பேடுதான் அவருக்கு உணர்த்தும்.

சட்டம் ஒன்றும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கலைவேலைப்பாட்டுப் பொருள்கள் தொல்பொருள் என்னும் வரையறைக்குள் வரக்கூடியவை. அத்தகையவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பலாகாது. 1927ஆம் ஆண்டுப் பதக்கங்கள் 2027இல் அந்த வயதை எட்டுகின்றன. எனவே பழைய பதக்கத்தை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப எண்ணுவோர், இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் நிலையை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து

விளம்பரத்தைக் கண்டதும் பணம் செலுத்திவிடாமல், பின்வரும் ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதிப் பார்க்க.

1. இதை வடித்த சிற்பி யார்? அடித்த சாலை எது?
2. எத்தனை பிரதிகள்? மீண்டும் அடிக்கமாட்டோம் என்பதற்கு எழுத்து வடிவில் உறுதி உள்ளதா?
3. உலோகத்தின் மதிப்பு எவ்வளவு? அதற்கு மேல் நாம் தருவது எவ்வளவு?
4. இதே பதக்கம் அல்லது இதையொத்தது மறுவிற்பனையில் என்ன விலைக்குப் போயிற்று?
5. நாளை இதற்கு ஒரு ரூபாயும் கிடைக்காது என்று தெரிந்தாலும் இதை வாங்குவோமா?

முதல் நான்கும் அறிவுக்கு உரியவை. நூலகத்திலும் ஏல நிறுவனங்களின் பட்டியல்களிலும் விடை தேடலாம். ஐந்தாவதற்கு ‘ஆம்’ என்று மனம் சொன்னால், தயங்காமல் வாங்குக. அத்தகையவர் வாங்கிய பதக்கம், விலை வீழ்ந்தாலும் அவருக்கு நட்டமாவதில்லை.

லிண்ட்பர்க் தமக்குக் கிடைத்த பதக்கங்களையும் பரிசுகளையும் 1927இலேயே செயின்ட் லூயிஸ் நகரில் மக்கள் காணும்படி மிசௌரி வரலாற்றுக் கழகத்திடம் ஒப்படைத்தார். பின்னர் அவற்றை அக்கழகத்துக்கே அளித்துவிட்டார். யார் அளித்தது, எப்போது, எதற்காக என்னும் விவரங்களுடன் அவை அங்கே பேணப்படுகின்றன. நம் வீட்டு அலமாரியில் உள்ள நான்கைந்து பதக்கங்களுக்கும் அத்தகைய பதிவு அமையட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதல் பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.